மண்ணடி கிளியரிங் ஆபீஸ்: ஐந்து கணினிக்கும் ஒரே மெயில் பெட்டி

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று சென்னை மண்ணடிப் பக்கம் எந்த மாடிப்படி ஏறினாலும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸ் இருக்கும். இரண்டு அறை, நாலைந்து கணினி, ஒரு ஸ்கேனர், எல்லாருக்கும் பொதுவாக ‘டாக்ஸ்’ என்று தொடங்கும் ஒரு மெயில் முகவரி. 2020 ஏப்ரலிலிருந்து பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தின் அவுட் ஆஃப் சார்ஜ் (கஸ்டம்ஸ் விடுவித்தது) நகலும் சரக்கை வெளியே எடுக்கும் கேட் பாஸும் பி.டி.எஃப். ஆக மெயிலுக்கே வருகின்றன. ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு ஆள் அனுப்பிக் காகிதம் வாங்கிய நாளில் மெயில் ஒரு மணி நேரம் தாமதமானால் யாருக்கும் தெரியாது. இப்போது அந்த ஒரு மணி நேரம் டிரெய்லர் டிரைவருக்குத் தெரியும், சரக்குக்குச் சொந்தக்காரரான பார்ட்டிக்கும் தெரியும்.

அப்படி ஓர் ஆபீஸில் செய்த வேலையின் பதிவு இது. ஐந்து விண்டோஸ் கணினிகள், ஐந்திலும் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரல், சொந்த டொமைன், சீபேனல் (சர்வரை நிர்வகிக்கும் வலைப்பக்கம்) உள்ள ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பலர் பங்குபோடும் வாடகை சர்வர். முன்பு மெயில் வாங்க இருந்தது பாப்3 என்ற பழைய முறை, போர்ட் (சர்வரின் வாசல் எண்) 110, என்க்ரிப்ஷன் கிடையாது. அனுப்புவதற்குப் போர்ட் 25. மாற்ற வேண்டியது: வருவதற்கு, மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் 993, அனுப்ப எஸ்.எம்.டி.பி. 465, எல்லாருக்கும் ஒரே பெட்டி. கட்டங்களை நிரப்பப் பத்து நிமிஷம் போதும். நிரப்பிய பிறகு ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பாப்3-ஐ ஏன் விட வேண்டும் என்பதை முதலில் முடித்துவிடுவோம். பாப் மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். சர்வரில் நகல் இருப்பதும் இல்லாததும் அந்தந்தக் கணினியின் டிக்கைப் பொறுத்தது. தண்டர்பேர்ட் தானாக 14 நாள் சர்வரில் விட்டுவைக்கும். ஐந்தில் ஒரு கணினியில் யாராவது ‘லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்’ டிக்கை எடுத்துவிட்டால் போதும், அது முதலில் எட்டும் மெயில்கள் மற்ற நாலுக்கும் வராது. “அண்ணே, எனக்கு அந்த மெயிலே வரலண்ணே” என்பது பெரும்பாலும் பொய் இல்லை.

எதையும் தொடுவதற்கு முன்

ஐந்து கணினியிலும் தண்டர்பேர்டை மூடிவிட்டு புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே நகலெடுக்க வேண்டும். ரன் பெட்டியில் சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று கொடுத்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் தண்டர்பேர்ட், அதற்குள் புரொஃபைல்ஸ். தண்டர்பேர்ட் ஒவ்வொரு மெயில் ஃபோல்டரையும் ஒரே நீளமான ஃபைலாக, எம்பாக்ஸ் வடிவில் வைக்கிறது. பல வருஷமாக இன்பாக்ஸிலேயே கொட்டிவைத்த ஆபீஸில் அந்த ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டியிருக்கும். பென் டிரைவ் ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. இடம் தாராளமாக இருந்தும் ‘ஃபைல் டூ லார்ஜ்’ என்று சொன்னால் காரணம் இதுதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். ஆக ஃபார்மட் செய்தால் சரி.

நகல் எடுத்த பிறகுதான் ‘காம்பாக்ட்’. தண்டர்பேர்டில் டெலீட் செய்த மெயில் எம்பாக்ஸ் ஃபைலை விட்டுப் போவதில்லை; அழிந்ததாகக் குறி மட்டும் விழும். காம்பாக்ட் செய்யும்போதுதான் ஃபைல் சுருங்கும். அதற்கு டிஸ்கில் அந்த ஃபைல் அளவுக்குக் காலி இடம் வேண்டும், ஏனென்றால் புது ஃபைல் எழுதிவிட்டுப் பழையதை நீக்குகிறது. சி டிரைவ் சிவப்பில் நிற்கும் கணினியில் இதைத் தொடங்கக் கூடாது.

பாப் கணக்கை ஐமேப் ஆக மாற்ற வழி கிடையாது. புதிதாக ஓர் ஐமேப் கணக்கைச் சேர்த்து, பழையதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சேர்ப்பதற்கு முன் பழைய கணக்கின் சர்வர் செட்டிங்ஸில் ‘திறக்கும்போது மெயில் பார்’, ‘இத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை பார்’ என்ற இரண்டு டிக்கையும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் புது ஐமேப் பெட்டியில் வந்து விழும் மெயிலைப் பழைய பாப் கணக்கு பின்னாலிருந்து உருவிக்கொண்டே இருக்கும்.

பழைய மெயிலைச் சர்வருக்கு ஏற்றும்போது ‘மூவ்’ வேண்டாம், ‘காப்பி’. ஐந்து கணினியில் எதில் மெயில் முழுமையாக இருக்கிறதோ அதிலிருந்து மட்டும் ஏற்றினால் போதும். மற்றவற்றில் அனுப்பிய மெயில்கள் மட்டும் தனித்தனியாக இருக்கும், அவற்றைச் சேர்க்கலாம். சர்வரில் வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் திறந்து, சில நூறு மெயில்களாகத் தேர்ந்து ஏற்றி, கீழே வலது மூலையில் காட்டும் மொத்த எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். 5 ஜிபியை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆனால் ஐமேப் ஒவ்வொரு மெயிலாக அனுப்பிப் பதில் வாங்கித்தான் அடுத்ததற்குப் போகும், அதனால் நடைமுறையில் பல மடங்கு ஆகும். சனிக்கிழமை மாலை தொடங்குவது நல்லது. அதற்கும் முன்னால் சீபேனலில் அந்தப் பெட்டியின் கோட்டா எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். கோட்டா நிரம்பினால் ஏற்றுவது நிற்பதோடு, புது மெயிலும் திருப்பி அனுப்பப்படும்.

கட்டங்களை நிரப்புவது

முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் தண்டர்பேர்ட் தானே தேடும். டொமைனில் ‘ஆட்டோகன்ஃபிக்’ என்ற அமைப்புக் குறிப்பு இருக்கிறதா, மொசில்லாவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும், இரண்டும் இல்லையென்றால் ஊகிக்கும். பெரிய மெயில் நிறுவனங்களுக்கு அது சரியாகவே வரும். சொந்த டொமைனுக்கு ஊகத்தை நம்பாமல் ‘கன்ஃபிகர் மேனுவலி’ போவதே நல்லது. இந்த ஆபீஸுக்கு ஓடியது இது:

வருவது: ஐமேப், போர்ட் 993, எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்., நார்மல் பாஸ்வேர்டு
போவது: எஸ்.எம்.டி.பி., போர்ட் 465, எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்., நார்மல் பாஸ்வேர்டு
இரண்டுக்கும் யூசர்நேம்: முழு மெயில் முகவரி

யூசர்நேமில் ‘அட்’ குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் போட்டால் ஷேர்டு ஹோஸ்டிங் சர்வர் ஏற்காது. ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் இருக்கும், எல்லாவற்றிலும் ஒரு ‘டாக்ஸ்’, ஒரு ‘இன்ஃபோ’ இருக்கும். ‘என்க்ரிப்டட் பாஸ்வேர்டு’ என்ற தேர்வைப் பார்த்ததும் அதுதான் பாதுகாப்பு என்று கை தானாகப் போகும். அது வேறு ஒரு பழைய முறை. அது ஓடவேண்டுமானால் சர்வர் பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் வைத்திருக்க வேண்டும். ஹாஷ் செய்து, அதாவது திரும்ப எடுக்க முடியாதபடி மாற்றி, வைக்கும் சர்வரில் ஓடாது. இணைப்பு முழுவதும் டி.எல்.எஸ். என்ற மறையாக்கத்துக்குள் போவதால் நார்மல் பாஸ்வேர்டே போதும்.

ஓடவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை: பெயர், போர்ட், சர்டிஃபிகேட், லாகின், ஃபோல்டர். வரிசையை மாற்றினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். கமாண்ட் விண்டோவில் என்.எஸ்.லுக்அப் கொடுத்து மெயில் சர்வர் பெயர் ஐ.பி. முகவரியாக மாறுகிறதா என்று பார்ப்பது முதல் படி. டொமைனை கிளவுட்ஃபிளேர் என்ற இடைச் சேவை வழியாக ஓட்டுபவர்கள் இங்கேயே மாட்டுவார்கள். மெயிலுக்கான ஏ ரெக்கார்டில் (பெயரை ஐ.பி. முகவரியோடு இணைக்கும் வரி) ஆரஞ்சு மேகம் எரிந்தால் வலைத்தளப் போக்குவரத்து மட்டுமே கடக்கும், 993 கடக்காது, ‘டி.என்.எஸ். ஒன்லி’ என்று சாம்பல் நிறத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது படிக்கு பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கமாண்டில் சர்வர் பெயரும் போர்ட் 993-உம் கொடுத்தால் கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் வரும். ட்ரூ வந்துவிட்டால் இணையம், ரூட்டர், ஃபயர்வால் மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். லாகின் சந்தேகம் வந்தால் அதே பாஸ்வேர்டை வெப்மெயிலில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஏறவில்லை என்றால் தண்டர்பேர்டைக் குடைவது வீண்.

ஐந்து கணினி, இருபத்தைந்து இணைப்பு

முதல் இரண்டு கணினி ஜோராக ஓடும். மூன்றாவதைச் சேர்த்தபின் முதலாவதில் ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை, இணைப்புகளின் எண்ணிக்கை வரம்பை மீறியிருக்கலாம்’ என்ற பொருளில் ஒரு செய்தி எட்டிப்பார்க்கும். சில நேரம் அதுவும் வராது. ஃபோல்டரைச் சொடுக்கினால் சுழன்றுகொண்டே இருக்கும். மூடித் திறந்தால் சரியாகும், அரை மணி நேரத்தில் வேறு கணினியில் தலைதூக்கும். இதைப் பார்த்து பாஸ்வேர்டை மாற்றுபவர்களும் கேபிளை மாற்றுபவர்களும் உண்டு.

காரணம் வெறும் கணக்கு. தண்டர்பேர்ட் ஒரு ஐமேப் கணக்குக்கு 5 இணைப்புகள் வரை திறந்து வைத்துக்கொள்ளும். சீபேனல் சர்வர்களில் மெயில் பெட்டியைப் பார்த்துக்கொள்வது டவ்காட் என்ற நிரல். இந்த ஆபீஸின் சர்வரில் அதன் வரம்பு, ஒரே யூசர் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து 10 இணைப்பு. ஆபீஸின் ஐந்து கணினியும் ரூட்டருக்குப் பின்னால் ஒரே பொது ஐ.பி.யில் இருக்கின்றன, ஐந்தும் ‘டாக்ஸ்’ என்ற ஒரே யூசர். 5 பெருக்கல் 5, 25. முதல் இரண்டு கணினி 10-ஐ எடுத்துக்கொண்டதும் கதவு மூடிவிடும். தனித்தனி முகவரி வைத்திருக்கும் ஆபீஸில் இந்தத் தொல்லை வருவதில்லை.

சரி செய்வது: அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட். ‘மேக்ஸிமம் நம்பர் ஆஃப் சர்வர் கனெக்ஷன்ஸ் டு கேஷ்’ என்ற கட்டத்தில் 5 இருக்கும். எல்லாவற்றிலும் 2 போட்டால் சரியாக 10 வருகிறதே என்று தோன்றும். ஆபீஸ் வைஃபையில் மேனேஜரின் போனும் இதே பெட்டியைத் திறந்துவைத்திருக்கும், பதினொன்றாவது அதுதான். இங்கே நான்கு கணினிக்கு 1, கேட் பாஸ் பிரிண்ட் எடுக்கும் கணினிக்கு மட்டும் 2 என்று வைக்கப்பட்டது. மொத்தம் 6, மீதி 4 போன்களுக்கு. மாற்றிய பிறகு தண்டர்பேர்டை மூடித் திறக்க வேண்டும், பழைய இணைப்புகள் அதுவரை விடாது.

1 என்று வைப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. பெரிய அட்டாச்மெண்ட் இறங்கிக்கொண்டிருக்கும்போது அதே கணினியில் இன்னொரு ஃபோல்டர் திறக்காது, வரிசையில் நிற்கும். அதைச் சொல்லிவைக்காவிட்டால் ‘தண்டர்பேர்ட் ஹேங் ஆகுது’ என்று போன் வரும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஐமேப்பில் ‘ஐடில்’ என்று ஒரு வசதி. இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால் புது மெயில் வந்த கணமே சர்வர் சொல்லிவிடும். அந்த இணைப்பைக் குறைந்தது 29 நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது விதி. மலிவு ரூட்டர்களும் உள்ளூர் கேபிள் பிராட்பேண்டின் கருவிகளும் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. ஓசையில்லாத இணைப்பைச் சில நிமிஷங்களிலேயே மறந்துவிடும். கணினி இணைப்பு இருப்பதாக நினைத்துக் காத்திருக்கும், சர்வர் அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருக்கும், நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள். ‘கெட் மெசேஜஸ்’ அழுத்தினால் மட்டும் மெயில் கொட்டுகிறது என்றால் இதுதான். ஐடிலை மட்டும் நம்பாமல் ‘10 நிமிஷத்துக்கு ஒருமுறை பார்’ என்பதை 3 அல்லது 5 ஆகக் குறைத்துவிட வேண்டும்.

ஒரு கணினி செய்த தப்புக்கு மொத்த ஆபீஸும் பூட்டு

பாஸ்வேர்டு மாற்றும் நாளில் நடப்பது இது. சீபேனலில் புதியது போட்டாயிற்று, நாலு கணினியில் மாற்றியாயிற்று. ஐந்தாவது கணினிக்காரர் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார், அவருடைய தண்டர்பேர்ட் திறந்தே இருக்கிறது. அது பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஹோஸ்டிங் சர்வரின் ஃபயர்வால் அதைத் திருட்டு முயற்சி என்று எடுத்துக்கொண்டு ஐ.பி.யைப் பூட்டும். ஐ.பி. எல்லாருக்கும் ஒன்று என்பதால் ஐந்து கணினியிலும் மெயில் நின்றுபோகும்.

அடையாளம் எளிது. ஆபீஸின் சொந்த வலைத்தளமும் திறக்காது, மற்ற எல்லாத் தளமும் திறக்கும். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தால் அதே தளமும் மெயிலும் ஓடும். அப்படியென்றால் பூட்டு ஐ.பி.க்குத்தான். ஹோஸ்டிங் ஆதரவுக்கு ‘மெயில் வரவில்லை’ என்று எழுதினால் பொதுப் பதில்தான் வரும். ‘எங்கள் ஐ.பி. இது, ஃபயர்வாலில் பிளாக் ஆகியிருக்கிறதா பாருங்கள்’ என்று எண்ணோடு எழுதினால் வேலை நடக்கும்.

ஆகவே பாஸ்வேர்டு மாற்றும் முன் ஐந்து கணினியிலும் எல்லாப் போனிலும் மெயிலை மூட வேண்டும். மாற்றி, ஒன்றொன்றாகத் திறக்க வேண்டும். தண்டர்பேர்ட் வருவதற்கும் போவதற்கும் பாஸ்வேர்டைத் தனித்தனியாகச் சேமிக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சேவ்டு பாஸ்வேர்ட்ஸ் போனால் ஐமேப்புக்கு ஒரு வரி, எஸ்.எம்.டி.பி.க்கு ஒரு வரி, பழைய பாப்புக்கு ‘மெயில்பாக்ஸ்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அந்தக் கணக்கின் மூன்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கேட்க வைப்பதே சுத்தம்.

உள்ளூர் பிராட்பேண்டில் இன்னொரு சிக்கல் இருக்கலாம். ரூட்டரின் பக்கத்தில் ‘வான்’ (வெளி இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், பொது ஐ.பி. உங்களுடையது மட்டும் இல்லை. தெருவில் பல வீடுகளோடு பங்கு. யாரோ ஒருவரின் வைரஸ் பிடித்த கணினிக்காக உங்கள் மெயில் பூட்டப்படலாம். அப்போது நிலையான ஐ.பி. ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதுதான் தீர்வு. மாத வாடகை கூடும், ஆனால் ஒரு கன்டெய்னரின் டிமரேஜோடு, அதாவது தாமதக் கட்டணத்தோடு, ஒப்பிட்டால் பேசும் தொகை இல்லை.

சர்டிஃபிகேட் எச்சரிக்கை

சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சர்டிஃபிகேட் பொருந்தாவிட்டால் தண்டர்பேர்ட் எச்சரிக்கும்; அங்கே ‘கன்ஃபர்ம் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் மெயில் ஓடும். ஓடுவதால்தான் எல்லாரும் அழுத்துகிறார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற இலவச சர்டிஃபிகேட்டுகள் 90 நாளில் காலாவதியாகும். புதுப்பித்ததும் விதிவிலக்கு செல்லாது, எச்சரிக்கை திரும்ப வரும். உண்மையிலேயே யாராவது நடுவில் புகுந்தாலும் அதே கை அதே பொத்தானை அழுத்தும்.

அழுத்தும் முன் ‘வியூ’ கொடுத்து மூன்று இடம் பார்க்க வேண்டும். யார் பெயருக்கு: சர்டிஃபிகேட் ஹோஸ்டிங் இயந்திரத்தின் பெயருக்கு இருந்து, நாம் மெயில் டாட் சொந்த டொமைன் என்று போட்டிருந்தால் பொருந்தாது. சீபேனலில் ‘கனெக்ட் டிவைசஸ்’ பக்கத்தில் கொடுத்திருக்கும் சர்வர் பெயரை அப்படியே போட்டால் தீர்ந்தது. யார் கொடுத்தது: அங்கே ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது நடுவில் உட்கார்ந்து மெயிலைப் பிரித்துப் பார்க்கிறது; அதன் மெயில் ஸ்கேனில் எஸ்.எஸ்.எல். இணைப்புகளைப் பரிசோதிக்கும் பகுதியை அணைக்க வேண்டும். எந்தத் தேதி வரை: தேதி சரியாகவே இருந்தும் ‘இன்னும் செல்லுபடி ஆகவில்லை’ என்று வந்தால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்.

இங்கே ஒரு கணினியில் அதுதான். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸ், மதர்போர்டின் சி.ஆர்.2032 பேட்டரி செத்துவிட்டால் காலையில் கணினி பல வருஷம் பின்னால் போய் விழித்துக்கொள்ளும். சர்டிஃபிகேட் எல்லாம் எதிர்காலத்தைச் சேர்ந்தவையாகிவிடும். மெயில் மட்டும் இல்லை, பாதி வலைத்தளமும் திறக்காது. கேபினெட்டைத் திறந்தால் நாணயம் அளவில் வெள்ளியாகத் தெரிவது அந்தப் பேட்டரி. புதியது 3 வோல்ட் காட்டும், மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். துறைமுகக் காற்று வீசும் இடத்தில் பேட்டரி உட்காரும் பித்தளை நாக்கில் பச்சை படிந்திருக்கும். அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடாவிட்டால் அதற்கும் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பயாஸில் தேதி வைத்து, விண்டோஸில் ‘செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி’ போட்டு முடிக்க வேண்டும்.

அனுப்பும் பக்கம்

போர்ட் 25 சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலானது. ஸ்பேம் தொல்லைக்காகப் பல இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து அதை அடைத்துவைக்கின்றன. நமக்கு உரியவை 587-உம் 465-உம். 587 சாதாரணமாகத் தொடங்கி ஸ்டார்ட்-டி.எல்.எஸ். என்ற கட்டளைக்குப் பிறகு மறையாக்கத்தால் பூட்டிக்கொள்ளும். 465 முதல் எழுத்திலிருந்தே பூட்டியிருக்கும். 465 நடுவில் கைவிடப்பட்டு, 2018-இல் மறுபடி அதிகாரபூர்வமானது; இன்னும் ‘465 பழசு’ என்று எழுதிவைத்திருக்கும் பக்கங்களை நம்ப வேண்டாம்.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தால் பிழையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 465-இல் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். வைத்தால் தண்டர்பேர்ட் சர்வரின் ‘220’ வரவேற்புக்காகக் காத்திருக்கும், சர்வர் டி.எல்.எஸ். கைகுலுக்கலுக்காகக் காத்திருக்கும். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் யார் முதலில் பேசுவது என்று உட்கார்ந்திருப்பதைப் போல, நேரம் முடிந்து ‘டைம்டு அவுட்’ வரும். 587-இல் எஸ்.எஸ்.எல். வைத்தால் டி.எல்.எஸ். தொடங்கும் இடத்தில் வெறும் எழுத்தாக ‘220’ வந்து நிற்கும், இணைப்பு சட்டென்று முறியும்.

தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வர்கள் ஒரு தனிப்பட்டியல். புதுக் கணக்கு சேர்க்கும்போது பட்டியலில் முதலில் இருக்கும் பழைய ஜிமெயில் சர்வரோடு அது ஒட்டிக்கொள்வது உண்டு. மெயில் போகும், ஆனால் ஃப்ரம் முகவரி ஜிமெயிலாக மாறிப் போகும். பார்ட்டி பதிலும் அங்கேயே போடுவார். கணக்கின் பெயரைச் சொடுக்கினால் வரும் பக்கத்தின் கீழே ‘அவுட்கோயிங் சர்வர்’ என்று இருக்கும், ஐந்து கணினியிலும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனை மெயில் அனுப்பி ‘ஷோ ஒரிஜினல்’ திறந்தால் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்புகள் மூன்றுக்கும் நேராக ‘பாஸ்’ என்று வர வேண்டும். எஸ்.பி.எஃப். ஃபெயில் என்றால் மெயில் தவறான வாசல் வழியாகப் போகிறது, அல்லது டி.என்.எஸ்ஸில் அந்த வாசலின் பெயர் இல்லை.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. மெயிலில் போகும் ஃபைல் பேஸ்64-ஆக மாறும்போது 3 பைட் 4 எழுத்தாகிறது. வரி முடிவுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 37 சதவீதம் பெருக்கும். 25 எம்பி வரம்பு என்றால் உண்மையில் 18 எம்பி ஃபைல்தான் போகும். ஸ்கேனரைக் கலரில் 600 டி.பி.ஐ. வைத்து இன்வாய்ஸ் எடுக்கும் பழக்கத்தை விட்டு, கிரேஸ்கேலில் 200 வைத்தால் இந்தப் பிரச்சினை வரவே வராது.

ஜிமெயில், ஜோஹோ

ஜிமெயிலில் வெறும் பாஸ்வேர்டு போட்டு ஏறும் வழியைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே மாத இறுதியில் மூடிவிட்டது. ஆத்தென்டிகேஷனில் ‘ஓஆத்2’ தேர்ந்தால் கூகுளின் லாகின் ஜன்னல் திறக்கும். திறந்து வெள்ளையாகவே நின்றால் தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் குக்கீ அனுமதி அணைந்திருக்கும். ஓஆத்2 தெரியாத பழைய நிரலுக்கு இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் அதுவும் செத்துவிடும். ஜிமெயில் அனுப்பிய மெயிலைத் தானே சேமிப்பதால் ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பக்கத்தில் நகல் வைக்கும் டிக்கை எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும்.

ஜோஹோவில் சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு சர்வர் பெயர் ஐமேப்ப்ரோ, எஸ்எம்டிபிப்ரோ என்று தொடங்கும். இந்தியக் கணக்குக்கு முடிவில் டாட் இன். டாட் காம் போட்டால் போர்ட் திறக்கும், சர்டிஃபிகேட் சரியாக இருக்கும், லாகின் மட்டும் விழும். அதனால் எல்லாரும் பாஸ்வேர்டைச் சந்தேகிப்பார்கள். ஐமேப்பை வெப்மெயில் செட்டிங்ஸில் இயக்கவும் வேண்டும்.

ஒரே பெட்டியில் ஐந்து பேர்

சீபேனல் சர்வரில் அனுப்பிய மெயில் ‘சென்ட்’ ஃபோல்டருக்குப் போக வேண்டும். அவுட்லுக் ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்று ஒன்று திறக்கும், ஐபோன் ‘சென்ட் மெசேஜஸ்’ என்று இன்னொன்று. மூன்றில் எதில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு கருவியிலும் சர்வரின் ‘சென்ட்’டையே கையால் தேர்ந்து வைக்க வேண்டும்.

படித்தது, படிக்காதது என்ற குறி ஐமேப்பில் எல்லாருக்கும் பொது. ஒருவர் சும்மா திறந்து பார்த்தாலும் மற்ற நாலு பேருக்கும் தடித்த எழுத்து போய்விடும், வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். வேலைக்குக் குறியாக டேக் பயன்படுத்துவதே சரி. தண்டர்பேர்டில் 1 முதல் 5 வரை விசையை அழுத்தினால் டேக் விழும், சர்வர் வழியாக எல்லாருக்கும் நிறம் தெரியும். ஆனால் சர்வருக்குப் போவது டேக்கின் உள்குறி மட்டும். பெயர் அந்தந்தக் கணினியில்தான் இருக்கிறது. ஒரு கணினியில் 1-ஐ ‘இம்போர்ட்’ என்று மாற்றினால் மற்றதில் அது ‘இம்பார்ட்டன்ட்’ என்றே நிற்கும். ஐந்திலும் ஒரே பெயர், ஒரே நிறம் வைத்துவிட வேண்டும்: இம்போர்ட், எக்ஸ்போர்ட், பார்ட்டிக்குப் பதில் பாக்கி, பில்லிங், முடிந்தது.

மெசேஜ் ஃபில்டரை ஒரே ஒரு கணினியில் மட்டும் வைக்கலாம். ஐந்திலும் வைத்தால் ஒரே மெயிலை ஐந்து பேர் இழுப்பார்கள், சில மெயில் இரண்டாகும். சீபேனலிலேயே ஃபில்டர் எழுதினால் இன்னும் நல்லது; கணினிகள் அணைந்திருந்தாலும் சர்வர் பிரித்துவைக்கும்.

கடைசியாகக் காப்பு. ஐமேப்பில் ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழியும், குப்பையைக் காலி செய்தால் சர்வரிலும் இருக்காது. சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பக்கத்தில் நாலு கணினிக்குச் சமீபத்திய 90 நாள் மெயில் மட்டும் என்று வைத்தால் டிஸ்க் நிறையாது. கேட் பாஸ் கணினியில் மட்டும் முழுதும் இறக்கும்படி வைத்து, வாரம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் புரொஃபைல் ஃபோல்டரை வெளி டிஸ்கில் தேதி போட்ட புது ஃபோல்டரில் நகலெடுக்க வேண்டும். போன வார நகலின் மேலேயே எழுதினால் போன வாரம் யாரோ அழித்தது இந்த நகலிலும் இருக்காது, அதனால் குறைந்தது நாலு வார நகல் கையில் இருக்கட்டும்.